கம்ப்ரசருக்கு ஒரு நடுநிலையான இடம்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் சந்தித்த மிகப் பெரிய கேள்வி, மிக்ஸிங்கில் கம்ப்ரசரை எங்கே வைப்பது என்பதுதான். நடுவில் வந்த சக்கரம், அச்சு இயந்திரம், குடியாட்சி எல்லாம் சில்லறை விஷயங்கள். இதை நான் வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. எங்கள் நிறுவனத்தின் ஒலிப் பிரிவில் பதினாறு வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் என்ற முறையில், முழுப் பொறுப்போடு சொல்கிறேன்.

கம்ப்ரசர் என்றதும் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் உறுமிக்கொண்டிருப்பதை நினைத்துவிட வேண்டாம். இது வேறு சாதி. பதிவு செய்த குரல் எங்கே கத்துகிறதோ அங்கே அமுக்கி, எங்கே முணுமுணுக்கிறதோ அங்கே கொஞ்சம் தூக்கிக் காட்டும் கருவி. ஒரு நல்ல மேலதிகாரி செய்ய வேண்டியதை மின்சாரத்தில் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் கூட்டாளியாக ஈக்யூ என்று இன்னொரு கருவி உண்டு. அது குரலில் இருக்கும் கனத்தையும் கீச்சையும் வெட்டியும் கூட்டியும் சரிசெய்யும். குரல் ஒன்றுக்குள் நுழைந்து வெளியே வந்து அடுத்ததற்குள் போகும். இந்த வரிசைக்குச் 'சங்கிலி' என்று பெயர். சங்கிலியில் கம்ப்ரசர் ஈக்யூவுக்கு முன்னாலா, பின்னாலா? இந்த ஒரு கேள்விக்காக எங்கள் பிரிவு பன்னிரண்டு வாரம் ஊண் உறக்கம் பாராமல் உழைத்தது. ஊண் என்று சொன்னது ஒரு பேச்சுக்கு. கூட்டங்களில் பிஸ்கட் உண்டு.

வேலை வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கட்டடம் ஒன்பது மாடி. ஏழாவது மாடியில் நாங்கள். எட்டாவது மாடியில் ஊழியர்களின் குழந்தைகள் காப்பகம். தீ என்றால் அடிப்பதற்கு மாடிக்கு ஒரு சிவப்பு மணி இருந்தது. அடித்தால் காது கிழியும். ஒரு நாள் மேலிடத்துக்கு ஞானோதயம் வந்தது. மணி 'நாகரிகமற்றது', அதற்குப் பதிலாகப் 'பண்பட்ட மனிதக் குரல்' ஒலிக்க வேண்டும் என்று ஓர் ஆணை பிறந்தது. ஆணை காலை பத்து மணிக்கு வந்தது. பன்னிரண்டு மணிக்குள் ஒன்பது மணிகளையும் கழற்றிக் கிடங்கில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கழற்றுவதில் எங்கள் நிறுவனத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மீதி இருந்தது குரல் ஒன்றுதான்.

குரலுக்கு ஆள் வெளியே தேடவில்லை. கீழ்த்தளத்தில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவையே கூப்பிட்டோம். எந்த நேரத்தில் யார் எரிந்து விழுந்தாலும் தேன் மாதிரிப் பதில் சொல்கிறவர். எழுதிக் கொடுத்தது நான்கு வாக்கியம், பன்னிரண்டு சொல். "கவனிக்கவும். கட்டடத்தில் புகை காணப்படுகிறது. அனைவரும் படிக்கட்டு வழியாக உடனே வெளியேறவும். மின்தூக்கியைப் பயன்படுத்த வேண்டாம்." ஒரே தடவையில் பேசிவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, "அவ்வளவுதானே சார்?" என்று கேட்டார். பாவம், அந்த அம்மாவுக்கு ஒலியியல் தெரியாது. அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டார்.

எங்களிடம் இரண்டு ஒலிப் பொறியாளர்கள். ஒருவர் கம்ப்ரசர் முன்னால் வர வேண்டும் என்பவர். அதனால் அவருக்கு முன்னவர் என்று பெயர். இன்னொருவர் பின்னவர். முன்னவருடைய தங்கையைத்தான் பின்னவர் கட்டியிருக்கிறார். ஆகவே எங்கள் தொழில்நுட்ப விவாதங்களில் ஒரு குடும்பப் பாங்கு எப்போதும் இருக்கும்.

"மாப்பிள்ளை, முதல்ல அமுக்கணும். குரல் ஒரு ஒழுங்குக்கு வரணும். அப்புறம் திருத்தணும். திருத்தினதத் திரும்ப அமுக்கினா, திருத்தினதுக்கு என்ன மரியாதை?" என்பார் முன்னவர்.

"மச்சான், அழுக்கோட உள்ள விட்டா கம்ப்ரசர் அழுக்கைப் பாத்துத்தான் வேலை செய்யும். 'ப', 'ப'ன்னு காத்து முட்டுது பாருங்க, அதப் பாத்துப் பயந்து மொத்தக் குரலையும் அமுக்கிடும். முதல்ல வெட்டணும். அப்புறம் அமுக்கணும்" என்பார் பின்னவர்.

இரண்டும் உண்மை. அதுதான் இந்தக் கேள்வியின் மகத்துவம். ஒருவர் தப்பாகப் பேசியிருந்தால் ஒரே நாளில் முடிந்து போயிருக்கும்.

எங்கள் இயக்குநர் பேச்சைக் கேட்க வேண்டும். முன்னவர் பேசி முடித்ததும், "ரொம்பச் சரி" என்பார். பின்னவர் பேசி முடித்ததும், "இதுவும் ரொம்பச் சரி" என்பார். "ரெண்டும் எப்படி சார் சரியாகும்?" என்று நான் ஒருமுறை கேட்டபோது, "நீங்க கேக்கறதும் சரிதான்" என்றார். அப்படிப்பட்டவரிடம் வேலை பார்ப்பது ஒரு கொடுப்பினை.

முதல் கூட்டத்தில் காய்கறி உதாரணம் வந்தது. நறுக்கிவிட்டுக் கழுவுவதா, கழுவிவிட்டு நறுக்குவதா? இதில் இரண்டு மணி நேரம் போனது. இரண்டு பேருமே வாழ்நாளில் ஒரு வெங்காயம்கூட உரித்ததில்லை என்பதால் விவாதம் எந்தப் பக்கமும் சாயாமல் தூய்மையாக இருந்தது. அப்போது ஒரு கடிதத்தோடு உள்ளே வந்த டெலிபோன் அம்மாவிடமே கேட்டோம்.

"சமையல்ல எது சரிம்மா?"

"எது அவசரமோ அதப் பொறுத்து சார். ஆபீசுக்கு நேரமாச்சுன்னா எப்படியோ பண்ணி இறக்கிடுவேன். பசியோட உக்காந்திருப்பாங்கல்ல?"

'அனுபவ அடிப்படையிலான கருத்து, பதிவு செய்யப்பட்டது, ஏற்கப்படவில்லை' என்று குறிப்பில் எழுதினேன்.

அந்த அம்மா தினமும் மத்தியானம் ஏழாவது மாடிக்கு வருவார். எட்டாவது மாடிக் காப்பகத்தில் அவருடைய நாலு வயது மகள் இருந்தாள். குழந்தைக்கு ஊட்டிவிட்டுக் கீழே இறங்கும்போது எங்கள் கதவில் தலையை நீட்டுவார்.

"சார், போட்டாச்சா?"

"என்னதும்மா?"

"என் குரல்தான் சார். மணியையும் கழட்டிட்டீங்க. ஏதாவது ஒண்ணுன்னா மேல இருக்கற பிள்ளைங்களுக்கு யார் சொல்லுவா?"

"அவசரப்படக் கூடாதும்மா. சங்கிலி இன்னும் முடிவாகல."

"இப்ப இருக்கற மாதிரியே போட்டா என்ன சார்? நான் பேசினது புரியலையா?"

"புரியுது. புரியறது வேற, தரம் வேற."

அவர் படியிறங்கிப் போய்விடுவார். மறுநாள் மறுபடியும் வருவார். நடைபாதைகளில் மாட்டப் போகும் ஒலிபெருக்கி கிண்ணம் அளவு தகர ஒலிபெருக்கி என்பதும், அதில் எதைப் போட்டாலும் மூக்கடைத்தவர் பேசுவது போலத்தான் கேட்கும் என்பதும் எங்களுக்குத் தெரியாதது அல்ல. கடைசியில் எப்படிக் கேட்கும் என்று பார்த்து வேலை செய்கிறவன் கலைஞன் இல்லை என்று முன்னவர் சொன்னார். பின்னவர் தலையாட்டினார். அதுவரை மைத்துனர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே இடம் அது.

என் பங்கு என்ன என்று கேட்பீர்கள். தன்னடக்கம் தடுத்தாலும் சொல்லிவிடுகிறேன். 'செவிச் சோதனைப் படிவம்' என் படைப்பு. ஒரே குரலை இரண்டு வரிசையிலும் ஓடவிட்டு, கேட்பவர்கள் மதிப்பெண் போட வேண்டும். தெளிவு, கனம், மூச்சு, அவசரம், பண்பு, மொத்த மனநிறைவு என்று ஆறு கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பத்து. கோடு ஒரு நூல்கூடக் கோணாமல் இருக்கப் பதினெட்டு முறை திருத்தி வரைந்தேன். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஒண்ணு விடல நீங்க" என்றார். அன்று எனக்கு இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கியது.

சோதனை முடிவு? முன்னவர் தன் வரிசைக்கு அறுபதுக்கு அறுபது போட்டார். பின்னவர் தன் வரிசைக்கு அறுபதுக்கு அறுபது போட்டார். இயக்குநர் இரண்டுக்கும் அறுபது போட்டார். நான் கூட்டிச் சரிபார்த்துக் கையெழுத்திட்டேன்.

ஐந்தாவது வாரம் சிக்கல் முற்றியது. முன்னவர் ஷிப்டுக்கு வந்ததும் கம்ப்ரசரைத் தன் அறையில் ஈக்யூவுக்கு முன்னால் கோத்துவிட்டுப் போவார். பின்னவர் வந்ததும் கழற்றித் தன் அறையில் பின்னால் கோப்பார். கருவியோ பழையது, உள்ளே கண்ணாடிக் குழல்கள் எரியும் ரகம், ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். வீட்டில் அந்தத் தங்கை இருவருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு போடுவதை நிறுத்திவிட்டதாகக் கேள்வி. "ஆபீஸ் பெட்டிய ஆபீஸ்லயே வச்சிட்டு வாங்க" என்று இயக்குநருக்கே அவர் போன் செய்தார்.

அப்போதுதான் வரலாற்றுச் சிறப்புமிக்க அந்த 'இடைக்காலத் தீர்மானம்' நிறைவேறியது. இறுதி முடிவு எட்டப்படும் வரை கம்ப்ரசர் முன்னாலும் இருக்கக் கூடாது, பின்னாலும் இருக்கக் கூடாது. சங்கிலிக்கு வெளியே, நடுநிலையான ஓர் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவே நடைபாதையில் ஒரு மர முக்காலி போட்டோம். பின்னவர் டேப் பிடித்தார், முன்னவர் அளவு படித்தார். இந்தக் கதவிலிருந்து பதினோரு அடி, அந்தக் கதவிலிருந்து பதினோரு அடி. நான் தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன்.

"ஆனா ஒண்ணு. அணைக்கக் கூடாது. குழல் சூடா இருந்தாத்தான் குரலுக்கு ஒரு கதகதப்பு வரும். ஒரு தடவ ஆறிப்போச்சுன்னா பழைய நிலைக்கு வர நாளாகும்" என்றார் முன்னவர்.

"அது சரிதான் மச்சான். எந்த நேரம் முடிவானாலும் உடனே கோக்கறதுக்குத் தயாரா இருக்கணும்" என்றார் பின்னவர்.

ஆகவே சுவரிலிருந்து கம்பி இழுத்து, இரவும் பகலும் அணையாமல் எரியவிட்டோம். எந்தக் குரலும் உள்ளே போகவில்லை, எதுவும் வெளியே வரவில்லை. சும்மா சூடாக உட்கார்ந்திருந்தது. விலை உயர்ந்த பொருளில் தூசி விழக் கூடாதே என்று அதன் மேல் பச்சைக் கம்பளித் துணி ஒன்றைப் போர்த்தியவன் நான்தான்.

டெலிபோன் அம்மா மத்தியானம் வரும்போது அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

"சார், இது தொட்டா சுடுது."

"சுடணும்மா. அதுதான் அதோட குணம்."

"துணி கருகற வாசனை அடிக்குது சார்."

"அது குழலோட வாசனை. பழகினவங்களுக்குத்தான் தெரியும்."

"மேல கழிப்பறை இல்லாம பிள்ளைங்க இறங்கி இந்தப் பக்கமாத்தான் போகுதுங்க. ஓரமாவாவது வைக்கலாமே?"

"ஓரமா வச்சா ஒருத்தர் கதவுக்குக் கிட்டப் போயிடும்மா. நடுநிலை கெட்டுடும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அறியாதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது வாரம், பன்னிரண்டாவது கூட்டம். அன்று காலை மைத்துனர்கள் இருவருக்கும் ஒரே சமயத்தில் ஒரு சந்தேகம் முளைத்தது. ஒருவேளை சங்கிலியில் கோளாறு இல்லையோ, குரலில்தான் குறையோ?

"அவசரம் பத்தல மாப்பிள்ளை. ஏதோ கல்யாணத்துக்குக் கூப்பிடற மாதிரி இருக்கு."

"அதான் மச்சான் நானும் நெனச்சேன். மூலத்துலயே உயிர் இல்லன்னா நாம எங்க வச்சு என்ன?"

"ரொம்பச் சரி" என்றார் இயக்குநர்.

மறுபடி பதிவு செய்ய முடிவாயிற்று. டெலிபோன் அம்மாவை வரச் சொன்னோம். நாங்கள் நால்வரும் கட்டுப்பாட்டு அறையில். பஞ்சு வைத்த கனத்த கதவு. சாத்தினால் வெளியே இடி விழுந்தாலும் கேட்காது, ஒரு துளி காற்றும் நுழையாது. எதிரே பெரிய கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவு அறையில் மைக் முன்னால் அவர். பதிவு அறைக்கு நடைபாதைப் பக்கம் தனிக் கதவு, கதவில் கைக்குட்டை அளவு ஒரு கண்ணாடி. நான் கையில் படிவத்தோடு தயாராக இருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது.

"கவனிக்கவும்" என்று ஆரம்பித்தவர் எதற்கோ திரும்பிக் கதவுக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். முகமே மாறிவிட்டது.

"சார், புகை! வெளிய புகை வருது சார்!"

முன்னவர் நாற்காலியில் நிமிர்ந்தார். "அடடா! பாத்தியா மாப்பிள்ளை, என்ன ஒரு உயிர்!"

"ஆனா பேப்பர்ல இருக்கறதப் பேசலியே மச்சான். 'புகை காணப்படுகிறது'ன்னு இருக்கணும்."

"அத அப்புறம் பாத்துக்கலாம். விடு, பேசட்டும்."

"சார், புகை! அந்தப் பெட்டியிலேருந்துதான் புகை வருது! எழுந்து வாங்க!"

"மூச்சு நல்லாக் கேக்குது" என்றார் இயக்குநர். நான் மூச்சுக்கு ஒன்பது போட்டேன்.

பின்னவர் பொத்தானை அழுத்தி அவரோடு பேசினார். "ரொம்ப நல்லா இருக்கும்மா. இதே மாதிரி இன்னொரு தடவ. மைக்கிலேருந்து ஒரு கை தள்ளி நில்லுங்க. 'பு' வந்து முட்டுது."

அவர் கண்ணாடிக்கே வந்து இரண்டு கையாலும் அடித்தார். "நிஜமாவே புகை சார்! நிஜமா! மேல பிள்ளைங்க இருக்கு!"

"'நிஜமா'ங்கறப்ப மீட்டர் முள்ளு சிவப்புக்குப் போயிடுச்சு" என்றார் முன்னவர். "இதுக்குத்தான் சொன்னேன். கம்ப்ரசர் முன்னால இருந்திருந்தா இந்த இடத்துல அப்படியே அமுக்கியிருக்கும்."

"அமுக்கியிருக்கும். 'பு'வப் பாத்து எல்லாத்தையும் அமுக்கியிருக்கும்."

"படிக்கட்டு வழியா வாங்க! லிஃப்டுல போகாதீங்க! புகை சார், புகை!"

அவசரத்துக்குப் பத்து போட்டேன். பன்னிரண்டு வாரத்தில் நான் யோசிக்காமல் போட்ட முதல் பத்து அது. நிமிர்ந்து பார்த்தபோது பதிவு அறை காலியாக இருந்தது. மைக் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இயக்குநர் கண்ணை மூடி அந்த நிசப்தத்தைக் கேட்டார். "என்ன ஒரு சுத்தமான அறை" என்றார்.

பிறகு அந்த ஒன்றரை நிமிடத்தை முன்னவர் வரிசையில் இரண்டு முறையும் பின்னவர் வரிசையில் இரண்டு முறையும் 'மனத்தால்' ஓடவிட்டுப் பார்த்தோம். கருவிதான் வெளியே நடுநிலையில் இருந்ததே. ஐந்தாவது முறை ஓடும்போது திரை அணைந்தது, விளக்கு அணைந்தது. மின்சாரம் போய்விட்டது என்று நொந்துகொண்டே கதவைத் திறந்தோம்.

நடைபாதை தெரியவில்லை. நாலு பேரும் இருமிக்கொண்டே ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். முக்காலி இருந்த இடத்தில் கால் இல்லாத ஏதோ ஒன்று கனன்றுகொண்டிருந்தது. பச்சைத் துணியைக் காணோம். "மச்சான், நம்ம பெட்டி!" என்று பின்னவர் தழுதழுத்தார். நான் பழக்க தோஷத்தில் லிஃப்ட் பொத்தானை அழுத்தினேன். நல்லவேளை, வேலை செய்யவில்லை. தட்டுத் தடுமாறிப் படிக்கட்டைப் பிடித்தோம்.

கீழே வந்த பிறகுதான் விவரம் தெரிந்தது. அந்த அம்மா முதலில் எட்டாவது மாடிக்கு ஏறியிருக்கிறார். ஒன்பதாவது மாடிக்கும் குரல் கொடுத்துவிட்டு, பிறகு மாடி மாடியாகக் கத்திக்கொண்டே இறங்கியிருக்கிறார். கடைசியில் கீழ்த்தளத்தில் மெயின் சுவிட்சை இழுத்து அணைத்ததும் அவர்தான். ஒன்பது மாடிச் சனமும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றது. கடைசியாக வந்தவர்கள் நாங்கள்.

காப்பகத்துப் பிள்ளைகள் இருபத்து மூன்று பேர், முடிச்சுப் போட்ட ஒரு நீளக் கயிற்றை ஆளுக்கொரு முடிச்சாகப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். சின்னது எல்லாம் முன்னால், பெரியது பின்னால், நடுவில் அழுகிற இரண்டு. யாரை முன்னால் விடுவது, யாரைப் பின்னால் விடுவது என்று அந்த அம்மா எந்தக் கூட்டமும் போட்டதாகத் தெரியவில்லை. அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். தொண்டை கட்டிப் போய் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. இதைக் கூட்டக் குறிப்பில் எழுதவில்லை.

அவர் மகள் கயிற்றை விடாமலே எங்கள் இயக்குநரை அண்ணாந்து பார்த்தாள்.

"எங்கம்மா கத்தினது உங்களுக்குக் கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா" என்றார் இயக்குநர், வாஞ்சையாக. "ரொம்ப நல்லா இருந்துச்சு."

மறுநாள் காலையிலேயே ஒன்பது சிவப்பு மணிகளும் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. அதே நாள் தீயணைப்பு ஆய்வாளர் விசாரணைக்கு வந்தார். வளர்த்தாமல் கேள்வி கேட்கிற மனிதர். பதிவைப் போட்டுக் காட்டினோம். ஒன்றரை நிமிடத்தையும் முழுதாகக் கேட்டார்.

"புகைன்னு எத்தன தடவ சொல்றாங்க?"

"ஏழு" என்றேன்.

"ஏழாவதுதான் சார் ரொம்பத் தெளிவு" என்றார் முன்னவர்.

"இல்ல சார், மூணாவது" என்றார் பின்னவர்.

"ரெண்டும் சரிதான்" என்றார் இயக்குநர்.

ஆய்வாளர் கையை நீட்டினார். படிவத்தைக் கொடுத்தேன். தெளிவு பத்து. கனம் எட்டு. மூச்சு ஒன்பது. அவசரம் பத்து. பண்பு ஏழு, கண்ணாடியைத் தட்டியதற்காகக் குறைத்திருந்தேன். மொத்த மனநிறைவு பத்து. அவர் படித்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் மார்க் போட்டிருக்கீங்க. அவங்க சொன்னது என்னன்னு எங்க எழுதியிருக்கீங்க?"

அதற்குக் கட்டம் இல்லை. பதினெட்டு முறை திருத்தி அந்தப் படிவத்தை வரைந்தவன் நான்.